நாசாவின் ஃபர்ம்ஸ் தீ வரைபடம்: கோடையில் மலையேறுவதற்கு முதல் நாள் இரவு பார்க்கவேண்டியது

தண்ணீர் எத்தனை லிட்டர், தொப்பி எடுத்தாச்சா, ஷூ காலைக் கடிக்குமா என்றெல்லாம் பார்த்துப் பார்த்துக் கிளம்புகிறோம். போகிற மலைக்குப் பக்கத்தில் எங்கேயாவது காடு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள், எனக்குத் தெரிந்த வட்டத்தில், ரொம்பக் குறைவு. அதைப் பார்க்க ஒரு இடம் இருக்கிறது. நாசா நடத்துகிற ஃபர்ம்ஸ் என்ற தீ வரைபடம். காசு கிடையாது, வரைபடத்தைப் பார்க்கக் கணக்குத் தொடங்க வேண்டாம், உலகத்தில் எந்த மலையாக இருந்தாலும் காட்டும். மூன்று கோடையாக ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் இதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பையைக் கட்டுகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். போகலாமா வேண்டாமா என்று முதல் நாள் இரவு உட்கார்ந்து முடிவு செய்ய இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஆனால் மலையில் ஏறத் தொடங்கிய பிறகு "மேப்பில் தீ இல்லை" என்ற தைரியத்தில் மட்டும் நடக்காதீர்கள். ஏன் என்று புரிய, அந்தப் புள்ளிகள் எப்படி வருகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

வரைபடத்தைத் திறந்ததும் உலகம் முழுக்கப் புள்ளிகள் கொட்டிக் கிடக்கும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்குப் பூமியே எரிவது போலத் தோன்றும், பயப்பட வேண்டாம். நாம் போகிற மலையைத் தேடிப் பெரிதாக்கினால் பெரும்பாலான நாட்களில் வெறுமையாகத்தான் இருக்கும். புள்ளி ஏதாவது இருந்தால் அதைத் தொடுங்கள், ஒரு சின்னப் பெட்டி திறக்கும். எந்தச் செயற்கைக்கோள் பார்த்தது, எத்தனை மணிக்குப் பார்த்தது, எவ்வளவு நம்பகமானது, எத்தனை மெகாவாட் வெப்பம் வந்தது என்று அதில் இருக்கும். இந்த நான்கு விவரங்களுக்காகத்தான் நான் இங்கே வருகிறேன். நேரம் யூடிசி என்கிற உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும், அதை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பார்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் காலையில் எரிந்ததை இரவில் எரிந்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

இந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை விர்ஸ் என்ற கருவி பார்த்தவை. 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி, 2017இல் ஏவப்பட்ட நோவா-20, 2022இல் ஏவப்பட்ட நோவா-21 என மூன்று செயற்கைக்கோள்களில் இந்தக் கருவி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில், சுமார் 4 மைக்ரான் அலைநீளத்தில், எரிகிற இடம் சுற்றியிருக்கும் தரையைவிடப் பளிச்சென்று தெரியும், அதைப் பிடித்துத்தான் புள்ளி வைக்கிறார்கள். தரையை 375 மீட்டர் கட்டங்களாக அது பார்க்கிறது. கட்டம் முழுக்க எரிய வேண்டியதில்லை, அதற்குள் ஒரு சின்னப் பகுதி நன்றாக எரிந்தாலே போதும், புள்ளி விழுந்துவிடும். அந்தப் புள்ளி கட்டத்தின் நடுவில் வைக்கப்படுவது. தீ அந்தக் கட்டத்தின் எந்த மூலையில் வேண்டுமானாலும் இருக்கலாம். "பாதைக்கும் புள்ளிக்கும் நடுவில் 200 மீட்டர் இருக்கிறதே" என்று அளந்து பார்த்து நிம்மதி அடைவது தப்பு, அந்த 200 மீட்டருக்கு ஒரு அர்த்தமும் இல்லை. மோடிஸ் என்ற பழைய கருவியின் புள்ளிகளும் வரும், அது 1999இல் போன டெர்ரா, 2002இல் போன அக்வா என்ற இரண்டு செயற்கைக்கோள்களில் இருக்கிறது. அதன் கட்டம் 1 கிலோமீட்டர், இன்னும் பொத்தாம்பொதுவானது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விர்ஸ் இருக்கும் செயற்கைக்கோள்கள் ஒரு இடத்தின் மேல் கடப்பது பகல் சுமார் ஒன்றரை மணிக்கும் இரவு சுமார் ஒன்றரை மணிக்கும். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த நேரத்தை ஒட்டியேதான் வருகின்றன. பார்த்தது வரைபடத்தில் ஏற மூன்று மணி நேரம் வரை ஆகலாம். (அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இதைவிட வேகமாக வருகிறது.) கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 6 மணிக்குப் பாதையின் தொடக்கத்தில் நின்று வரைபடத்தைப் பார்த்தால் நீங்கள் பார்ப்பது நடுராத்திரி காட்சி. விர்ஸ் அடுத்து வருவது நீங்கள் உச்சியில் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில், அது உங்கள் கைக்கு வருவது இறங்கி முடித்த பிறகு. இடையில் டெர்ராவின் மோடிஸ் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். கோடையில் வெயில் ஏறி, சருகு காய்ந்து, காற்று கிளம்பி, தீ பிடித்துப் பரவுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

போன வருடம் அதை நேரில் பார்த்தோம். நாங்கள் நான்கு பேர். இரவும் பார்த்தேன், காலையும் பார்த்தேன், சுற்றிலும் ஒரு புள்ளிகூட இல்லை. அது உண்மையும்தான், அப்போது அங்கே தீ இருக்கவில்லை. முகட்டை நெருங்கும்போது மணி பதினொன்று இருபது. எதிர்ப்பக்கப் பள்ளத்தாக்கில் வெளுத்த புகை மாதிரி ஏதோ ஒன்று சாய்வாக எழும்பிக்கொண்டிருந்தது. எங்களில் இளையவன் வேறு ஒரு மலையேற்றச் செயலியைத் திறந்து காட்டினான், அதில் எங்கள் பாதைக்குப் பக்கத்தில் பச்சை டிக் போட்டு "தீ அபாயம் இல்லை" என்று இருந்தது.

"அண்ணே, இதுல ஒண்ணுமே இல்லையே. பனிமூட்டமா இருக்கும்."

எங்களில் மூத்தவர் பாட்டிலை மூடிப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "மூட்டம் ஒரே இடத்துலேர்ந்து எழும்பாது தம்பி. வாங்க, இறங்கலாம்."

இறங்கத் தொடங்கிய பத்து நிமிடத்தில் என் முழங்கைமேல் ஏதோ வந்து உட்கார்ந்தது. ஒரு பெரணி இலை. நரம்பு, ஓரத்துப் பல், காம்பு எல்லாம் அப்படியே இருந்தது, நிறம் மட்டும் கறுப்பு. விரலால் தொட்டதும் பொடியாகிப்போனது. காற்று எங்கள் பக்கம் வீசுகிறது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா. வந்த வழியில் போகாமல், புகைக்கு எதிர்ப்பக்கமாக இறங்கும் இன்னொரு பாதையில் போனோம், அந்தப் பாதை இருப்பதை முதல் நாளே குறித்து வைத்திருந்ததால். மறுநாள் ஃபர்ம்ஸில் பார்த்தபோது அந்தப் பள்ளத்தாக்கில் ஒன்பது புள்ளிகள், முதலாவது மதியம் ஒன்றரை மணியைத் தாண்டிப் பதிவானது. நாங்கள் புகையைப் பார்த்து இரண்டு மணி நேரம் கழித்து.

எனக்குக் கோபம் அந்தப் பச்சை டிக் மீதுதான். அந்தச் செயலியும் இதே செயற்கைக்கோள் தகவலைத்தான் வாங்கிப் போடுகிறது, ஆனால் எப்போது பார்த்தது என்ற நேரத்தை எடுத்துவிடுகிறது, நம்பக அளவை எடுத்துவிடுகிறது, மிச்சத்தை ஒரு டிக்காகச் சுருக்கிவிடுகிறது. பத்து மணி நேரம் பழைய தகவலைப் பார்த்து "அபாயம் இல்லை" என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை. ஃபர்ம்ஸ் அப்படி எங்கேயும் சொல்வதில்லை. நான் இவ்வளவு மணிக்கு இதைப் பார்த்தேன் என்று மட்டும் சொல்கிறது, மீதி நம் பொறுப்பு. அந்த நேர்மைக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

புள்ளி இல்லாமல் போக வேறு காரணங்களும் உண்டு. மேகம் மூடியிருந்தால் தெரியாது. அடர்ந்த மரக்கூரைக்கு அடியில் தரையோடு தரையாக ஊர்ந்து எரியும் தீ தெரியாமல் போகலாம். காலை பிடித்து மதியத்துக்குள் அணைந்த புல்தீ கணக்கிலேயே வராது. இதற்கு மாறாக, தீ இல்லாத இடத்திலும் புள்ளி விழும்: எரிமலை, எண்ணெய்க் கிணற்றில் எரியும் வாயு, இரும்பு ஆலை, வெயிலில் பளபளக்கும் தகரக் கூரை அல்லது சோலார் தகடு. இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. 24 மணி நேரத்துக்குப் பதிலாகக் கடந்த 7 நாட்களைக் காட்டச் சொல்லுங்கள். ஏழு நாளும் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும் புள்ளி பெரும்பாலும் ஆலை மாதிரி ஏதோ ஒன்று. நாளுக்கு நாள் நகர்ந்து, பக்கத்தில் பெருகிக்கொண்டே போனால் அது காட்டுத்தீ. எந்தத் திசையில் நகர்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பகலில் "குறைந்த நம்பகம்" என்று வரும் புள்ளிகள் பல நேரம் சூரிய ஒளி தெறிப்பதால் வருபவை, ஆனாலும் கோடையில், நான் போகிற மலையில், அப்படி ஒன்று இருந்தால் அதைத் தீ என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. அன்றன்றைய செயற்கைக்கோள் புகைப்படத்தை வரைபடத்துக்கு அடியில் போட்டுப் பார்க்கலாம். அதில் புகை வால் மாதிரி நீண்டு கிடப்பது தெரியும், எந்தப் பக்கம் காற்று அடித்தது என்று சட்டென்று புரிந்துவிடும். புள்ளிக்கும் நாம் போகிற மலைக்கும் 40 கிலோமீட்டர் இருக்கும், ஆனால் வால் நம் மலைமேல் படுத்திருக்கும். தீ வராவிட்டாலும் அந்தப் புகையில் ஏறுவது நல்லதில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது உள்ளே போகும் காற்று பல மடங்கு, அதோடு பிஎம் 2.5 என்கிற நுண்துகளும் அதே கணக்கில் போகும். முகத்தில் சரியாக ஒட்டி உட்காரும் என்95 முகக்கவசம் 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும், துணிக்கவசத்தால் அது முடியாது. ஆனால் என்95 கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. பையில் ஒன்று வைத்திருங்கள், அதைப் போட்டுக்கொண்டு மேலே ஏற இல்லை, இறங்கி வெளியே வர.

சரி, நான் எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். இது என் சொந்தக் கணக்கு, நீங்கள் இன்னும் கடுமையாக வைத்துக்கொள்ளலாம். அளக்கும் கருவி வரைபடத்திலேயே இருக்கிறது. காற்று வரும் திசையில் 20 கிலோமீட்டருக்குள் கடந்த இரண்டு நாளில் ஒரு புள்ளி இருந்தாலும் போவதில்லை. மற்றத் திசைகளில் 10 கிலோமீட்டர். காற்றை வானிலைக் கணிப்பில் தனியாகப் பார்க்கிறேன், கூடவே வெப்பம், ஈரப்பதம். வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ், காற்று மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல், இந்த மூன்று முப்பதும் சேர்ந்தால் தீ கட்டுக்கடங்காது என்று பல நாடுகளில் தீயணைப்பவர்கள் சொல்வார்கள். மூன்றும் சேரும் நாளில் வரைபடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நான் வீட்டில்தான். வனத்துறை பாதையை மூடியிருந்தால் இதெல்லாம் பார்க்கவே தேவையில்லை, மூடியது மூடியதுதான், பின்பக்க வழி தெரியும் என்று போகிறவர்களைத் தேடிப் போகிற மீட்புக்காரரும் அந்தத் தீக்குள்தான் வரவேண்டியிருக்கிறது.

அப்புறம் சரிவு. ஃபர்ம்ஸில் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்காமல் புள்ளியின் தூரத்தை மட்டும் பார்ப்பது அரைகுறைக் கணக்கு. தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், ஏனென்றால் சுடர் சரிவில் படுத்து மேலே இருக்கும் புல்லையும் புதரையும் முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் மெக்ஆர்தர் என்ற தீ ஆராய்ச்சியாளர் வகுத்த கணக்குப்படி ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் தீயின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும். 20 டிகிரி சரிவில் நாலு மடங்கு. அந்த ஏற்றத்தில் நம் கால் வேகம் பாதியாகிவிடும். பகலில் வெயில் பட்ட சரிவில் காற்றும் கீழிருந்து மேலே வீசும், அது தீக்கு இன்னொரு உந்துதல். 1994 ஜூலை 6இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஸ்டார்ம் கிங் மலையில் திடீரென்று காற்று பலத்தபோது கீழே இருந்த தீ சரிவேறி வந்து 14 தீயணைப்பு வீரர்களைக் கொன்றது. அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், நல்ல உடல்கட்டு உள்ளவர்கள். 2018 மார்ச் 11இல் குரங்கணி மலையில் காய்ந்த சரிவில் சிக்கிய மலையேற்றக் குழுவில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை நினைக்காமல் என்னால் ஒரு புல் சரிவைக் கடக்க முடிவதில்லை. அதனால் நான் புள்ளியைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி, அது என் பாதைக்குக் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பதுதான். கீழே இருந்தால் தூரம் எவ்வளவு என்பதையே பார்ப்பதில்லை, திட்டம் ரத்து.

இந்த வரைபடத்தால் செய்யவே முடியாத வேலை ஒன்று உண்டு, வெளியேறும் வழி கண்டுபிடிப்பது. 2017 செப்டம்பர் 2இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஈகிள் கிரீக் பாதையில் ஒரு சிறுவன் எறிந்த பட்டாசில் காடு பிடித்துக்கொண்டது. தீ, பாதையின் தொடக்கத்துக்கும் நடந்து போனவர்களுக்கும் நடுவில் வந்துவிட்டது. சுமார் 150 பேர் இரவு முழுக்கக் காட்டிலேயே தங்கி, மறுநாள் வேறு நீண்ட பாதையில் சுற்றி வெளியே வந்தார்கள். அந்த மதியம் எந்த வரைபடமும் அவர்களுக்கு உதவியிருக்காது. இன்னொரு பாதை இருந்தது, அதுதான் உதவியது. ஒரே வாசல் உள்ள பாதைக்குக் கோடையில் நான் போவதை நிறுத்திவிட்டேன். 1991இல் பால் கிளீசன் என்ற அமெரிக்கத் தீயணைப்பு வீரர் தன் ஆட்களுக்கு நான்கு விஷயம் சொல்லிக்கொடுத்தார்: கண்காணிக்க ஒரு ஆள், ஒருவருக்கொருவர் தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம். நாமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினால் வெறும் பாறைவெளி, அகலமான ஆற்றுப்படுகை, ஏற்கனவே முழுக்க எரிந்து கறுத்த நிலம் எல்லாம் தெரியும். அவற்றைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் இந்த வரைபடம் திறக்காது, திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டாலும் பேட்டரி தீர்ந்தால் அதுவும் போச்சு. புகை தெரிந்தால் மேலே ஏறித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், குறுகலான ஓடைப் பள்ளங்களிலும் இரண்டு முகடுகளுக்கு நடுவில் இருக்கும் தாழ்விலும் நிற்காதீர்கள், அவை புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும். பக்கவாட்டிலும் கீழேயும் நகர்ந்து அந்தக் குறித்த இடங்களுக்குப் போகவேண்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும், பாலியெஸ்டர் சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

தீ முடிந்த பிறகும் இந்த வரைபடம் ஒருவிதத்தில் ஏமாற்றும். புள்ளிகள் மறைந்து ஒரு வாரம் ஆனதும் போகலாம் என்று தோன்றும். அடிமரத்திலும் வேரிலும் கங்கு கனன்றுகொண்டே இருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. வேர் எரிந்துபோன இடத்தில் மேலே சாம்பல் மூடிய குழி இருக்கும், கால் வைத்தால் உள்ளே போய்விடும். நின்றுகொண்டிருக்கும் கருகிய மரங்கள் லேசான காற்றுக்கே விழும். முதல் பெருமழைக்கு அந்தச் சரிவு சேறும் கல்லுமாக இறங்கும்.

குறை என்று சொன்னால், முதல் பார்வைக்குத் திரை மிரட்டும், அடுக்குகளின் பெயர்கள் அறிவியல் ஆட்களுக்கு எழுதியவை. கைபேசியில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும், கணினியில் பார்ப்பது நல்லது. பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நின்றபடி 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களின் புள்ளிகளையும் சேர்த்துப் பார்க்க வழி இருக்கிறது, ஆனால் அவை 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் கட்டங்கள் ரொம்பப் பெரியவை, சின்னத் தீ அவற்றில் சிக்காது. அதை நான் கூடுதல் கண்ணாக மட்டும் வைத்திருக்கிறேன்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மின்னஞ்சல் எச்சரிக்கை. போகப்போகிற மலையைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டால், அதற்குள் புள்ளி விழும்போது செய்தி வந்துவிடும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே போட்டுவிடுவேன், அந்தப் பக்கம் எப்படிக் காய்ந்திருக்கிறது என்று ஒரு அந்தாஜ் கிடைக்கும். வருகிற ஞாயிறு போவதாக இருந்த மலைக்கும் போட்டிருந்தேன். செவ்வாய் காலை ஒரு மின்னஞ்சல், இரண்டு புள்ளி. புதன் காலை இன்னொன்று, ஏழு புள்ளி, எல்லாம் பாதைக்குக் கீழே இருக்கும் சரிவில். மற்ற மூன்று பேருக்கும் அனுப்பினேன். இந்தத் தடவை இளையவன்தான் முதலில் பதில் போட்டான்: "அண்ணே, மழை வந்தப்புறம் போலாம்."